நிழலைக் கண்டு மிரண்ட குதிரை

சிக்கந்தர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாகத் தம் ஆண்பிள்ளைகளுக்குச் சூட்டி வரும் பெயர் அது. இஸ்கந்தர் என்றாலும், சிக்கந்தர் என்றாலும், நமது வரலாற்றுப் புத்தகத்தில் வரும் மகா அலெக்சாந்தர் என்றாலும் ஒரே பெயர்தான். திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் கூறப்படும் துல்கர்னைன் இந்த அலெக்சாந்தரே என்று முற்கால விரிவுரையாளர் சிலர் கருதினர். பல தெய்வங்களை வணங்கிய ஒருவன் துல்கர்னைனாக இருக்க முடியாது என்று மறுத்த அறிஞர்களும் பலர். அந்த ஆராய்ச்சியைப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம்.

அவன் வென்ற நாடுகளின் பட்டியலைத் தருவதும் இக்கட்டுரையின் நோக்கமல்ல. நாடுகளை வெல்வதற்கு முன் அவன் ஒரு குதிரையின் மனதை வென்றான். அந்தக் குதிரையோடு சேர்த்து அவனது வாழ்க்கையைப் பார்க்கும்போது, வெற்றிகளின் பட்டியலில் தெரியாத ஒன்று தெரிகிறது. அதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

பெல்லா நகரத்துப் பிள்ளை

அலெக்சாந்தர் கி.மு. 356ஆம் ஆண்டு மசிடோனியாவின் தலைநகரான பெல்லாவில் பிறந்தான். தந்தை இரண்டாம் பிலிப்பு மன்னன். தாய் எபிரஸ் நாட்டு இளவரசி ஒலிம்பியாஸ். கிரேக்கத்தின் வடக்கே மலைகளும் புல்வெளிகளும் நிறைந்த நாடு மசிடோனியா. தெற்கே இருந்த கிரேக்க நகரத்தவர் பலர் மசிடோனியரை நாகரிகம் குறைந்தவர்களாகவே எண்ணினர். அந்த நாட்டைப் பிலிப்பு தன் காலத்திலேயே கிரேக்கம் முழுவதும் அஞ்சும் வல்லரசாக மாற்றினான். நீண்ட ஈட்டி ஏந்திய காலாட்படையும், வேகமான குதிரைப்படையும் அவனது இரு கைகளாக இருந்தன.

எனவே பிரபுக்களின் பிள்ளைகள் அங்கு குதிரைகளோடுதான் வளர்ந்தார்கள். அன்றைய குதிரையேற்றம் இன்றையதை விடக் கடினமானது. காலை ஊன்றிக்கொள்ள அங்கவடி கிடையாது. இன்றுள்ளதைப் போன்ற சேணமும் கிடையாது. வெறும் முதுகில், அல்லது ஒரு துணியை மட்டும் விரித்து, தரையிலிருந்து துள்ளி ஏற வேண்டும். ஏறிய பின் தொடைகளால் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். குதிரை ஒத்துழைக்காவிட்டால் ஏறியவன் மண்ணில்தான் கிடப்பான்.

யாருக்கும் அடங்காத குதிரை

ஒருநாள் தெசலி நாட்டைச் சேர்ந்த பிலோனிக்கஸ் என்பவன் ஒரு குதிரையைப் பிலிப்பிடம் விற்பனைக்குக் கொண்டுவந்தான். தெசலி நல்ல குதிரைகளுக்குப் பேர்போன சமவெளி. அவன் கேட்ட விலை 13 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோகிராம் வெள்ளிக்குச் சமம். அப்படியென்றால் அந்த ஒரு குதிரையின் விலை கிட்டத்தட்ட 340 கிலோகிராம் வெள்ளி! அதன் பெயர் புசெபலஸ். எருதுத் தலை என்பது அப்பெயரின் பொருள். அதன் உடலில் எருதுத் தலை வடிவில் சூடு போடப்பட்டிருந்ததால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். கறுத்த உடலில், நெற்றியில் மட்டும் எருதுத் தலை போன்ற வெள்ளைக் குறி இருந்தது என்பர் வேறு சிலர்.

குதிரையைச் சோதித்துப் பார்க்க மன்னனும் பரிவாரமும் வெளிக்கு இறங்கினார்கள். அங்கு நடந்ததைப் புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அவர் அலெக்சாந்தருக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். எனவே கதை கைமாறி வந்ததில் சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் குதிரையைப் பற்றி அவர் சொல்லும் நுட்பம் குதிரைகளை அறிந்தவர் சொன்னதாகவே இருக்கிறது.

புசெபலஸ் யாரையும் அருகில் விடவில்லை. ஏற முயன்றவர்களைக் கண்டு முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. அதட்டும் குரல்களைக் கேட்டு மேலும் வெருண்டது. பிலிப்பின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றார்கள். மன்னனுக்குக் கோபம் வந்தது. ஒன்றுக்கும் உதவாத முரட்டு விலங்கைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று விற்க வந்தவனைக் கடிந்து, குதிரையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னான்.

கூட்டத்தில் நின்ற அலெக்சாந்தர் அப்போது வாய் திறந்தான். அவனுக்கு அப்போது 12 அல்லது 13 வயது இருக்கலாம் என்பர். கையாளத் தெரியாமலும் துணிவில்லாமலும் எவ்வளவு நல்ல குதிரையை இழக்கப் போகிறார்கள் என்று அவன் வருந்தினான். தந்தை முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகன் மீண்டும் மீண்டும் சொல்லவே, பெரியவர்களை விட உனக்கு அதிகம் தெரியுமா என்ற பொருளில் கேட்டான். இந்தக் குதிரையை அவர்களை விட நன்றாகக் கையாள்வேன் என்றான் சிறுவன். முடியாவிட்டால்? குதிரையின் விலையைத் தானே கொடுப்பதாகச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் குதிரையிடம் ஓடினான். கடிவாளத்தைப் பிடித்து அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். அவ்வளவுதான். பெரியவர்கள் எல்லோரும் குதிரையின் கால்களையும் பற்களையும் பார்த்து அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் அதன் கண்கள் எங்கே போகின்றன என்று பார்த்திருந்தான். தனக்கு முன்னால் தரையில் விழுந்து, தான் அசையும்போதெல்லாம் அசைந்த தன் நிழலைக் கண்டே அது மிரண்டது. சூரியனை நோக்கித் திரும்பியதும் நிழல் பின்னால் போய்விட்டது.

அப்போதும் அவன் உடனே ஏறிவிடவில்லை. குதிரையைத் தடவிக் கொடுத்தபடி சிறிது தூரம் கூடவே ஓடினான். அதன் படபடப்புக் குறைந்ததைக் கண்டபின், தன் மேலங்கியை ஓசையில்லாமல் நழுவவிட்டான். பின் ஒரே துள்ளலில் முதுகில் அமர்ந்தான். அடிக்கவில்லை. வாய் கிழியும்படி கடிவாளத்தை இழுக்கவுமில்லை. இலேசாகப் பிடித்து அதை அமைதிப்படுத்தினான். அதற்குப் பயம் போய், ஓட வேண்டும் என்ற ஆசை வந்ததை உணர்ந்ததும் கடிவாளத்தைத் தளர்த்தி, குரல் கொடுத்து விரட்டினான். பார்த்து நின்றவர்கள் பேச்சற்றுப் போனார்கள். அவன் தூரத்தில் திரும்பி, மகிழ்ச்சியோடு வந்து சேர்ந்தபோது ஆரவாரம் எழுந்தது. தந்தையின் கண்களில் நீர் வந்ததாம். இறங்கிய மகனின் தலையில் முத்தமிட்டு, உனக்கு மசிடோனியா போதாது, உனக்கேற்ற வேறொரு நாட்டைத் தேடிக்கொள் என்று சொன்னானாம்.

குதிரை ஏன் எதிர்க்கிறது?

குதிரை வேட்டையாடும் விலங்கல்ல. வேட்டையாடப்படும் விலங்கு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ முழுச் சுற்றையும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டுமே அதற்குப் பார்வை எட்டாத இடங்கள் உண்டு. சிறு அசைவும் அதற்கு ஆபத்தின் அறிகுறி. திடீரென்று முதுகில் பாய்ந்து ஏறும் பாரம் சிங்கத்தின் பாய்ச்சலைப் போலவே அதற்குத் தோன்றும். அது துள்ளுவதும் எழுந்து நிற்பதும் உதைப்பதும் திமிரினால் அல்ல, உயிர்ப்பயத்தினால்தான்.

பயந்த விலங்கை அடித்தால் என்ன ஆகும்? எதைக் கண்டு பயந்ததோ அதனோடு அடியின் வலியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். அலெக்சாந்தரின் காலத்துக்குச் சற்று முன்பே செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அதில் அவர் கூறும் முக்கியமான அறிவுரை. ஆகவே அறிவு அந்நாட்டில் இல்லாமல் இல்லை. அன்று வெளியில் நின்ற பெரியவர்களிடம் பொறுமைதான் இல்லை.

தந்தை கற்ற பாடம்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புளூட்டார்க் அதற்கு அடுத்ததாகச் சொல்லும் செய்திதான் என்னை மிகவும் கவர்ந்தது. தன் மகன் வற்புறுத்தலுக்கு வளையாதவன், ஆனால் காரணம் சொன்னால் கேட்பவன் என்பதைப் பிலிப்பு கண்டுகொண்டானாம். அதன் பின் அவனுக்குக் கட்டளையிடுவதை விட்டு, எடுத்துச் சொல்லி இணங்கவைக்கவே முயன்றானாம். அந்தத் தந்தையின் வீட்டில் அடங்காத குதிரை இன்னொன்றும் இருந்தது. அது அவனுடைய பிள்ளை!

அந்த எண்ணத்தோடுதான் பிலிப்பு ஓர் ஆசிரியரைத் தேடினான். கி.மு. 343இல் அரிஸ்டோட்டில் வரவழைக்கப்பட்டார். மியேசா என்ற அமைதியான இடத்தில் அலெக்சாந்தரும் அவன் தோழர்களும் சுமார் மூன்று ஆண்டுகள் அவரிடம் கற்றார்கள். அதற்குப் பிலிப்பு கொடுத்த கட்டணம் என்ன தெரியுமா? தான் முன்பு அழித்திருந்த அரிஸ்டோட்டிலின் சொந்த ஊரான ஸ்டாகிராவை மீண்டும் கட்டிக் கொடுத்தான். இலக்கியம், மருத்துவம், தத்துவம் ஆகியவற்றில் அலெக்சாந்தருக்கு இருந்த ஆர்வம் அந்த ஆண்டுகளின் பலன்.

எங்களில் பலர் சாதாரண தரப் பரீட்சை எழுதும் 16 வயதில், தந்தை போருக்குச் சென்றிருந்தபோது அவன் நாட்டின் பொறுப்பை ஏற்றான். 18 வயதில், கி.மு. 338இல், கெரோனியா போர்க்களத்தில் ஒரு பக்கப் படைக்குத் தலைமை தாங்கினான்.

ஆனால் தந்தை கற்ற பாடம் கடைசி வரை நிலைக்கவில்லை. பிலிப்பு மற்றொரு திருமணம் செய்த விருந்தில், மணப்பெண்ணின் உறவினன் ஒருவன் அலெக்சாந்தரின் பிறப்புரிமையைச் சிறுமைப்படுத்திப் பேசினான். மகன் கிண்ணத்தை எறிந்தான். தந்தை மகன் மீது வாளை உருவினான். தாயும் மகனும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பின்னர் சமாதானம் ஏற்பட்டாலும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. கி.மு. 336இல் பிலிப்பு கொலை செய்யப்பட்டான். 20 வயதில் அலெக்சாந்தர் மன்னனானான்.

போர்க்களத்துத் தோழன்

கி.மு. 334இல் அவன் ஆசியாவுக்குள் கால் வைத்தான். முதற்போர் கிரானிக்கஸ் நதிக்கரையில் நடந்தது. அங்கு அவன் ஏறியிருந்த வேறொரு குதிரை கொல்லப்பட்டது. எதிரியின் வாள் அவன் தலைக்கு மேல் ஓங்கியபோது, கிளிட்டஸ் என்ற வீரன் குறுக்கே புகுந்து அந்தக் கையையே வெட்டி வீழ்த்தினான். இந்தக் கிளிட்டஸின் சகோதரிதான் அலெக்சாந்தரைக் குழந்தையில் வளர்த்த செவிலித்தாய். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் இஸ்ஸஸ் போரிலும், கி.மு. 331இல் கௌகமேலா போரிலும் பாரசீகப் பேரரசன் மூன்றாம் டேரியஸ் தோற்றோடினான். அப்போது புசெபலஸுக்கு வயதாகிவிட்டது. படையை அணிவகுக்கும்போது அலெக்சாந்தர் வேறு குதிரைகளில் சுற்றுவான். பாய்ந்து செல்லும் நேரம் வந்ததும்தான் புசெபலஸைக் கொண்டுவரச் சொல்வான். முதிய தோழனின் வலிமையை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை அது.

காஸ்பியன் கடலுக்குத் தெற்கே ஹிர்கானியா பகுதியில் ஒருமுறை புசெபலஸ் திருடப்பட்டது. குதிரை திரும்பி வராவிட்டால் பெண்கள், குழந்தைகள் உட்பட அங்குள்ள அனைவரையும் கொன்றுவிடுவதாக அலெக்சாந்தர் அறிவித்தான். குதிரை வந்து சேர்ந்தது. வந்ததும் கோபம் தணிந்து, திருடியவர்களுக்கே பணமும் கொடுத்தான். இதை அவனது பாசத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கோ, ஒரு விலங்கின் பயத்தைப் போக்கத் தெரிந்தவன் ஓர் ஊரையே பயத்தில் நடுங்க வைத்தானே என்றுதான் தோன்றுகிறது.

மறந்துபோன பாடம்

கி.மு. 328இல் சமர்கந்தில் ஒரு விருந்து. மதுவின் மயக்கத்தில் வாக்குவாதம் முற்றியது. மன்னன் பழைய வழக்கங்களை மறந்து பாரசீக அரசர்களைப் போல் நடக்கிறான் என்று மசிடோனிய வீரர்கள் பலருக்கு மனக்குறை இருந்தது. அதை முகத்துக்கு நேரே சொன்னவன் கிளிட்டஸ். ஏன் இவன் இப்படிப் பேசுகிறான், இவனது மனதில் என்ன நிழல் விழுந்திருக்கிறது என்று அலெக்சாந்தர் பார்க்கவில்லை. காவலனின் ஈட்டியைப் பறித்து, தன் உயிரைக் காத்தவனைத் தானே குத்திக் கொன்றான். பின்னர் மூன்று நாட்கள் உண்ணாமல் பருகாமல் அழுது கிடந்தான். கிளிட்டஸ் திரும்பி வரவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் இந்தியாவின் வாசலில், இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஜீலம் நதிக்கரையில், போரஸ் மன்னன் யானைப்படையோடு எதிர்த்து நின்றான். அங்கு அலெக்சாந்தரிடம் பழைய சிறுவன் மீண்டும் தென்பட்டான். யானைகளின் தோற்றத்தையும் பிளிறலையும் கண்டால் தன் குதிரைகள் கரையேற மறுக்கும், மிதவையிலேயே மிரண்டுவிடும் என்று அவன் கணித்தான். எனவே நேரே கடக்காமல், பல இரவுகள் எதிரியைப் போக்குக் காட்டி ஏமாற்றி, ஏறத்தாழ 27 கிலோமீற்றர் மேலே சென்று, மழையும் இடியும் நிறைந்த ஓர் இரவில் ஆற்றைக் கடந்தான். குதிரைகளின் அச்சத்தை மதித்ததனால் கிடைத்த வெற்றி அது. தோற்ற போரஸையும் அவன் கண்ணியமாக நடத்தி, அரசைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்தப் போரை ஒட்டியே புசெபலஸ் இறந்தது. காயங்களால் இறந்தது என்பர் பலர். முதுமையாலும் களைப்பாலும் 30 வயதில் இறந்தது என்கிறார் ஒனெசிக்ரிட்டஸ். அலெக்சாந்தரின் கடற்பயணத்தில் கப்பலோட்டியாக இருந்தவர் இவர். தப்ரபேன் என்று நமது இலங்கைத் தீவைப் பற்றியும் அதன் பெரிய யானைகளைப் பற்றியும் கிரேக்க உலகுக்கு முதலில் செய்தி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் சொல்வது சரியென்றால், குதிரையும் அலெக்சாந்தரும் ஒரே வயதினர். நெருங்கிய தோழனை இழந்தவனைப் போல் அழுத மன்னன், அந்நதிக்கரையில் எழுப்பிய நகருக்குப் புசெபலா என்று பெயரிட்டான்.

குதிரை போன சில மாதங்களில் படையும் நின்றுவிட்டது. பியாஸ் நதியை அடைந்தபோது வீரர்கள் மேலே நடக்க மறுத்தார்கள். எட்டு ஆண்டுகள் வீட்டைக் காணாதவர்கள் அவர்கள். ஓயாத பருவமழையில் உடைகள் நைந்து, குதிரைகளின் குளம்புகள் கூடத் தேய்ந்திருந்தன. அலெக்சாந்தர் முதலில் கோபித்தான். கூடாரத்துக்குள் மூன்று நாட்கள் முடங்கினான். யாரும் அசையவில்லை. ஈற்றில் அவன்தான் திரும்பினான். போர்களில் தோற்காதவன், தன் ஆட்களின் களைப்பிடம் தோற்றான். கி.மு. 323ஆம் ஆண்டு ஜூன் மாதம், 33 வயதை எட்டுமுன்பே, பாபிலோனில் காய்ச்சலால் இறந்தான். அவன் கட்டிய பேரரசைத் தளபதிகள் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

நமக்கு என்ன?

அடியாத மாடு படியாது என்ற பழமொழியை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். பிள்ளை படிக்கவில்லை, சொல் கேட்கவில்லை, எதிர்த்துப் பேசுகிறது என்றதும் அந்தப் பழமொழி வந்துவிடும். பெல்லாவின் வெளியில் அன்று நின்ற பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அடித்துப் படிய வைத்திருந்தால் புசெபலஸ் ஒருவேளை நடந்திருக்கும். ஆனால் போரின் இரைச்சலுக்குள் தன்னை ஏற்றிச்செல்லும் அளவுக்கு ஒருவனை நம்பியிருக்காது.

கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அலெக்சாந்தர் கடிவாளத்தைக் கழற்றி எறியவில்லையே! கையில் கடிவாளமும் இருந்தது, தடவிக்கொடுக்கும் மறு கையும் இருந்தது. எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தான், அவ்வளவே. பரீட்சைப் பயமாக இருக்கலாம். பிறரோடு ஒப்பிடப்படும் வேதனையாக இருக்கலாம். வெளியில் சொல்ல வெட்கப்படும் ஒரு துயரமாகவும் இருக்கலாம். பெற்றோருக்கு மட்டுமல்ல, மாணவியராகிய எங்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் தாய் எரிந்து விழும்போதும், தோழி காரணமின்றி முகம் திருப்பும்போதும் நாங்கள் பார்ப்பது அவர்களுடைய கோபத்தை மட்டுமே.

பேசத் தெரியாத விலங்கின் பயத்தைப் பன்னிரண்டு வயதில் கண்டுகொண்டவன், பேசத் தெரிந்த நண்பனின் மனக்குறையை 28 வயதில் கேட்கத் தவறினான். அந்த இரண்டு நாட்களும் ஒரே மனிதனின் வாழ்க்கையில்தான் வந்தன. முதல் நாளின் புகழைவிட இரண்டாம் நாளின் கண்ணீர்தான் நம்மை எச்சரிக்க வேண்டும். நமக்கு நெருக்கமான ஒருவர் அடுத்த முறை மிரளும்போது, குரலை உயர்த்துமுன் ஒரு கணம் நின்று, அவருடைய நிழல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். பார்த்துவிட்டால், வெளிச்சத்தின் பக்கம் திருப்புவது அவ்வளவு கடினமல்ல.